பழைய கோடு, புதிய ஏரா: எந்தப் பாய்மரப் படகை வாங்குவது?

பிராவிடன்ஸில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன மாதம் போன் செய்தார். "அண்ணா, பாய்மரப் படகு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். முப்பது அடிக்குள்ள. பார்க்க அழகா இருக்கணும், அதுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்றார். அன்று ராத்திரியே நான்கு விளம்பரங்களை அனுப்பிவைத்தார். முதலாவது, 1950-களில் கட்டிய மரத்தாலான ஃபோக்போட். இரண்டாவது, அலேரியன் எக்ஸ்பிரஸ் 28 என்ற ஃபைபர் படகு. மூன்றாவது, மெய்ன் மாநிலத்துப் பட்டறை ஒன்று மரமும் எப்பாக்ஸி என்ற கெட்டிப் பசையும் சேர்த்துப் புதிதாகக் கட்டித் தரும் படகு. நாலாவது, கடற்கரைக்குக் கடற்கரை பார்க்கிற சாதாரண நவீன ஃபைபர் படகு. "நாலாவது வீட்ல சொன்னது" என்று அதன் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்.

போனில் சொல்ல ஆரம்பித்தால் ராத்திரி முடிந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். ரோட் ஐலண்டின் நாராகான்செட் விரிகுடாவில் பல வருஷமாகப் பாய் ஓட்டுகிறவன் நான். பழைய அழகும் புதிய வசதியும் ஒரே படகில் கிடைக்குமா என்ற கேள்வி என் மனதிலும் நெடுநாளாக இருப்பதுதான்.

முதலில் மூன்று சொற்கள். நம் கடற்கரைத் தமிழில் படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடுவது ஏரா. இவற்றை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

தம்பி சொல்லும் அழகு எங்கே இருக்கிறது? துறையில் நின்று ஒரு படகைப் பக்கவாட்டில் பாருங்கள். அதன் மேல்விளிம்பு அணியத்தில் உயரமாகத் தொடங்கி, மெல்ல இறங்கி, அமரத்தை நெருங்கும்போது மறுபடி லேசாகத் தலைதூக்கும். இந்த ஒரு கோட்டை ஷியர் என்பார்கள். பழைய படகுகளில் இது இழுத்துக் கட்டிய மாலை மாதிரி தொய்ந்திருக்கும். இன்றைய சாதாரணப் படகில் ஏறக்குறைய அடிமட்டம் வைத்துப் போட்ட நேர்கோடு. அடுத்தது, அணியமும் அமரமும் தண்ணீரைத் தொடாமல் நீட்டிக்கொண்டிருக்கும் அளவு. மூன்றாவது, தண்ணீருக்கு மேலே தெரியும் சுவரின் உயரம். அது எவ்வளவு தாழ்வோ, அவ்வளவுக்குப் படகு தண்ணீரோடு ஒட்டிக்கிடப்பதுபோல் தெரியும். வார்னிஷ், பித்தளை, தேக்கு எல்லாம் இதற்கு அப்புறம்தான். கோடு சரியில்லாத படகில் எத்தனை தேக்கைப் பதித்தாலும் அது ஒப்பனையாகத்தான் நிற்கும். கோடு சரியாக இருந்தால், பெயின்ட் உதிர்ந்து கிடந்தாலும் தெரியும்.

அந்த நீட்டலுக்கு அழகு மட்டும் காரணமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பந்தயப் படகுகளை மதிப்பிட்ட விதி, நீர்மட்டத்தில் படகு எவ்வளவு நீளம், பாயின் பரப்பு எவ்வளவு என்பதை வைத்துத்தான் கணக்குப் போட்டது. படகு நிமிர்ந்து நிற்கும்போது நீர்மட்ட நீளம் குறைவு. காற்றில் சாய்ந்ததும் நீட்டிக்கொண்டிருந்த பகுதியும் தண்ணீருக்குள் இறங்கி, நீளம் கூடிவிடும். நீளம் கூடினால் வேகமும் கூடும். விதி கண்டுகொள்ளாத நீளம் அது. 1903-ல் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் பந்தயத்தில் வென்று கோப்பையைக் காத்த ரிலயன்ஸ் படகின் உடல் சுமார் 144 அடி. நீர்மட்டத்தில் 90 அடிக்குள்தான். மீதி ஐம்பது அடிக்கு மேல் காற்றில் நின்றது! விதியை ஏமாற்றப் பிறந்த வடிவம் நம் கண்ணுக்கு அழகின் இலக்கணமாகவே நிலைத்துவிட்டது.

அந்த ரிலயன்ஸை வடிவமைத்தவர் நத்தானியல் ஹெரஷாஃப். தம்பியின் இரண்டாவது படகுக்கு அவர்தான் மூலம் என்பதால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1848-ல் பிறந்தவர். ரோட் ஐலண்டின் பிரிஸ்டல் ஊரில், அண்ணன் ஜான் பிரவுன் ஹெரஷாஃபோடு சேர்ந்து 1878-ல் படகுக் கம்பெனி தொடங்கினார். அண்ணனுக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. நத்தானியல் ஒவ்வொரு படகையும் முதலில் பாதி உடலாக, ஒரு மரத்துண்டில் செதுக்குவார். அண்ணன் அதைக் கையால் தடவிப் பார்த்தே வடிவத்தை உணர்வார். பிரிஸ்டலில் உள்ள ஹெரஷாஃப் கடல் அருங்காட்சியகத்தில் இந்தப் பாதி மாதிரிகள் நூற்றுக்கணக்கில் சுவரை நிறைத்திருக்கின்றன. நான் அங்கே போகும்போதெல்லாம் கண்ணாலேயே தடவிக்கொண்டு நிற்பேன். அணியத்தின் பக்கங்கள் வெளியே புடைக்காமல் கன்னம் ஒட்டியதுபோல் லேசாக உள்வாங்கி, நடுவயிற்றை நோக்கி விரியும். அந்த உள்வளைவு எங்கே முடிந்து வெளிவளைவு எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. பார்வை இல்லாத ஒருவரின் உள்ளங்கைக்கும் ஒப்புதலான வடிவம் அது.

1912-ல், 64 வயதில், ஹெரஷாஃப் தனக்கென்று ஒரு படகைக் கட்டிக்கொண்டார். குளிர்காலத்தில் பெர்முடாவுக்குப் போய் ஓட்டுவதற்காக, 26 அடி நீளத்தில், அலேரியன் என்ற பெயரில். பெரிய பந்தயப் படகுகளைக் கட்டியவர் தனக்கென்று வரும்போது ஒருவர் தனியாகக் கையாளக்கூடிய சின்னப் படகைத்தான் கட்டினார். இப்போது அது கனெக்டிகட்டில் மிஸ்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதைப் பார்த்துப் பிறந்ததுதான் அலேரியன் எக்ஸ்பிரஸ் 28. 1990 வாக்கில் கார்ல் ஷூமேக்கர் என்ற கலிஃபோர்னியா வடிவமைப்பாளர் வரைந்தார். நீருக்கு மேலே ஹெரஷாஃபின் சாயல்: தாழ்ந்த சுவர், தொய்ந்த மேல்விளிம்பு, சின்னஞ்சிறு கேபின், அளவான நீட்டல். நீருக்குக் கீழே போனால் வேறு உலகம். 1912 படகில் அடி நெடுக நீண்ட ஏரா இருந்தது. இதில் மீனின் துடுப்பு மாதிரி ஒடுங்கிய ஏரா, அதை விட்டுத் தள்ளித் தனியாக ஒரு சுக்கான். நீளம் 28 அடி 3 அங்குலம், நீர்மட்டத்தில் 22 அடி 10 அங்குலம், அகலம் 8 அடி 2 அங்குலம், எடை சுமார் இரண்டரை டன். உடல் ஃபைபர். வருஷா வருஷம் மரம் பிளந்திருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை.

நீண்ட ஏரா பிடித்த திசையில் நேராகப் போகும். திருப்புவதற்கு நேரம் எடுக்கும். படகுத்துறைக்குள் பின்னோக்கி எடுப்பது பெரிய பாடு. துடுப்பு ஏரா கை சொன்னதும் திரும்பும். தண்ணீரோடு உரசும் பரப்பும் குறைவு என்பதால் மெல்லிய காற்றிலும் நகரும். இன்னொரு விஷயம், முன்பாய்க்கும் கீழே ஒரு சிறு கட்டை உண்டு. அதனால் காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து போகும்போது முன்பாய் தானாகவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறிக்கொள்ளும். சுக்கானைத் தள்ளினால் போதும். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸை விட்டு வந்து, ஆறேகாலுக்குத் தனியாளாகப் பாய் விரித்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். தம்பியின் வாழ்க்கைக்கு இது பெரிய விஷயம். ஓட்ட ஆள் சேர வேண்டுமே என்று காத்திருக்கும் படகு, கோடை முழுக்கக் கட்டிய கயிற்றிலேயே கிடக்கும்.

சரி, வேகத்துக்கு வருவோம். நாலாவது படகை விற்பவர் இதைத்தான் முதலில் சொல்வார். தண்ணீரைக் கிழித்துப் போகும் கனமான படகுக்கு நீர்மட்ட நீளம் ஒரு வரம்பு போடுகிறது. நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல் மைல் என்று தோராயமாகத் தெரியும். அலேரியன் எக்ஸ்பிரஸுக்கு 6.4 வரும். அதே நீளமுள்ள இன்றைய சாதாரணப் படகு அணியத்தைச் செங்குத்தாக வைத்து, அமரத்தைக் கடைசிவரை தண்ணீரில் அமர்த்தியிருக்கும். அதன் நீர்மட்ட நீளத்தை 26 அடி என்று எடுத்துக்கொண்டால் 6.8. வித்தியாசம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதுவும் படகு நிமிர்ந்து நிற்கும்போதுதான். சாய்ந்ததும் அழகுக்காக நீட்டிய பகுதி தண்ணீருக்குள் வந்து அந்தக் குறையில் கொஞ்சத்தை ஈடுகட்டிவிடும். நியூபோர்ட்டிலிருந்து பிளாக் ஐலண்டுக்குச் சுமார் 20 கடல் மைல். இந்த வித்தியாசத்தால் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்பின் ஆகலாம். அழகான படகு மெதுவாகப் போகும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

ஆனால் அழகுக்கு விலை உண்டு. அந்த விலை இடம். தாழ்ந்த சுவர் என்றால் கேபினுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. ஒடுங்கிய உடல் என்றால் நாலு பேர் காலை நீட்டிப் படுக்க முடியாது. அலேரியன் எக்ஸ்பிரஸில் உட்காரலாம், படுக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம். கழிப்பறைக்குத் தனி அறை, கதவு என்று எதிர்பார்க்கக் கூடாது. அடுப்படி என்று எதையும் பெரிதாகச் சொல்ல முடியாது. வெளியே உட்காரும் இடம் மட்டும் தாராளம். மொத்தப் படகும் பகலில் ஓட்டுவதற்காக வடித்தது.

இதனால்தான் தம்பியின் மனைவி சொன்ன நாலாவது படகை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். அதே நீளத்தில் அந்தப் படகு ஒரு சின்ன வீடு. நிமிர்ந்து நிற்கலாம், கதவு சாத்திய கழிப்பறை உண்டு, இரண்டு அடுப்பு, பிள்ளைகளுக்கு முன்பக்கம் தனிப் படுக்கை. அமரம் அகலமாக இருப்பதால் அங்கிருந்து நேராகக் குளிக்க இறங்கலாம். பழைய படகாக வாங்கினால் அதே காசில் நீளமும் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு வாரம் லீவு போட்டுக் குடும்பத்தோடு மார்த்தாஸ் வினியார்டு, நான்டக்கெட் என்று தீவு தீவாகப் போய்த் தங்குவதுதான் ஆசை என்றால், அந்த அம்மா சொல்வதுதான் சரி. சொல்லிவிட்டேன்.

அந்தப் படகுகளைக் கட்டுகிறவர்களுக்கு அழகு தெரியாது என்பதில்லை. உள்ளே நிற்கும் உயரத்தை வைத்துக்கொண்டு வெளியே சுவரைத் தாழ்த்த வழியில்லை. அதே காரணத்தால், நிற்கும் உயரமும் ஹெரஷாஃபின் கோடும் ஒன்றாக வேண்டுமானால் படகு ரொம்பப் பெரிதாக வேண்டும். ஐம்பது அடிக்கு மேல் போனால் இரண்டும் சேர இடம் பிறக்கிறது. ஹாலந்தில் ஹூக் என்ற வடிவமைப்பு நிறுவனம், இங்கிலாந்தின் இப்ஸ்விச்சில் 1993-ல் தொடங்கிய ஸ்பிரிட் என்ற படகுக் கம்பெனி போன்றவர்கள் கண்கொள்ளாத பெரிய படகுகளைச் செய்ததும் அந்த அளவுகளில்தான். அதெல்லாம் நம் சம்பளத்துக்கு எட்டாது. முப்பது அடிக்குள் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

இனி மரப் படகு. இதைப் பற்றி எழுதும்போது எனக்கு நிதானம் கொஞ்சம் தவறும். ஏனென்றால் நானும் இன்னொருவரும் பங்கு போட்டு ஆறு வருஷம் ஒரு மரப் படகு வைத்திருந்தோம்.

தம்பி பார்த்து வைத்திருக்கும் ஃபோக்போட் நல்ல வம்சம். 1942-ல் ஸ்வீடனில் தோர்த் சுண்டேன் வரைந்தது. 7.68 மீட்டர் நீளம், 2.20 மீட்டர் அகலம், 24 சதுர மீட்டர் பாய், எடை இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஓடு வேய்ந்ததுபோல் அமைந்திருக்கும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு பலகையின் கீழும் மெல்லிய நிழல்கோடு ஓடும். அணியத்திலிருந்து அமரம்வரை, அடுக்கடுக்காக. பல ஃபைபர் ஃபோக்போட்களும் அச்சிலேயே அந்த மடிப்புகளோடு வார்க்கப்பட்டவைதான். 1960-ல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் போட்டியில் ஹேஸ்லர் என்ற பிரிட்டிஷ் மாலுமி இரண்டாவதாக வந்தது, பாயை மாற்றி அமைத்த ஒரு ஃபோக்போட்டில். சின்னப் படகு என்றாலும் கடலுக்கு அஞ்சாது.

ஆனால் எழுபது வயது மரம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். குளிர்காலம் முழுக்கக் கரையில் நிற்கும் மரப் படகு காய்ந்து, பலகைகள் சுருங்கி, இடுக்குகள் திறந்திருக்கும். வசந்தத்தில் தண்ணீரில் இறக்கியதும் நாலா பக்கமும் ஒழுகும். அதனால் பட்டைகளில் தொங்கவிட்டபடியே வைத்து, பம்பை ஓடவிட்டு, மரம் ஊறி உப்பும்வரை காத்திருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு ராத்திரி ஆகும். முதல் வருஷம் நான் தூங்கவே இல்லை. மூன்றாவது வருஷம் பம்பின் சத்தம் குறைந்து குறைந்து வருவதைக் கேட்டே மரம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று சொல்லப் பழகிவிட்டேன். குழந்தையின் ஜுரம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரிதான்.

வார்னிஷ் இன்னொரு கதை. வெயில்தான் அதற்கு எமன். ஒவ்வொரு வசந்தத்திலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, குறைந்தது இரண்டு பூச்சு. ஒரு வருஷம் அவசரப்பட்டுச் சாயங்காலம் நாலரைக்குக் கடைசிப் பூச்சைப் போட்டேன். காய்வதற்குள் பனி இறங்கிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் தேன் நிறத்தில் மின்ன வேண்டிய இடமெல்லாம் பால் படிந்த மாதிரி மங்கிக் கிடந்தது. முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். அதற்கப்புறம் மதியம் இரண்டு மணிக்கு மேல் பிரஷைத் தொட்டதில்லை.

வாங்குவதற்கு முன் ஒன்றை மறக்கக் கூடாது. மரப் படகை அழுக வைப்பது பெரும்பாலும் கடல் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். உப்பு மரத்தைக் காக்கும். மேல்தளத்தின் இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி, காற்றோட்டமில்லாத மூலையில் தேங்கும் மழைநீர்தான் விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்திருக்கும் சட்டங்களின் நுனியையும் அமரத்தின் மூலைகளையும் தின்றுவிடும். நல்ல ஆய்வாளர் சிறு சுத்தியால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரம் கணீரென்று சொல்லும், அழுகியது பொத்தென்று விழும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும் படகில்தான் இந்தத் தட்டல் அதிகம் தேவை. எங்கள் படகை விற்றவர் அப்படித்தான் பூசிக் கொடுத்தார். ஏராவுக்கு மேலே இருந்த பலகையில் கத்தி வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியதை இரண்டாம் வருஷம்தான் கண்டோம்.

இத்தனைக்கும் நான் அந்த ஆறு வருஷத்துக்காக வருந்தியதே இல்லை. மரவேலையே உங்களுக்குச் சந்தோஷம் தரும் என்றால், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமைகளைக் கேட்காமல் கொடுப்பீர்கள் என்றால், மரப் படகு கொடுக்கும் நெருக்கம் வேறு எதிலும் இல்லை. இந்தக் கடற்கரையோடு நம்மவர்களுக்கும் அப்படியொரு உறவு உண்டு. வல்வெட்டித்துறை மேத்திரிமார் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்க மாலுமி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். தன் மனைவியின் பெயரால் ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று மாற்றினார். வல்வெட்டித்துறைக்காரர்களே ஓட்டிவர, 1938-ல் அது மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை வந்தடைந்தது. சின்னப் படகில் உலகத்தைச் சுற்றி வந்த ஒருவரின் கண் நம் ஊர்க் கப்பலில் நின்றிருக்கிறது. குளோஸ்டருக்குப் போகும்போதெல்லாம் அந்தத் துறையைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்பேன்.

ஆனால் தம்பிக்கு மூன்று வயதிலும் ஆறு மாதத்திலும் பிள்ளைகள். அவருக்கு ஏப்ரல் சனிக்கிழமைகள் கிடையாது. ஃபோக்போட் இப்போது வேண்டாம்.

மூன்றாவது படகுதான் என் ஆசைப் படகு. புதிய மரம், புதிய முறை. பலகைகளை ஆணியடித்து இணைப்பதற்குப் பதிலாக, மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, எப்பாக்ஸியால் ஒட்டி, முழு உடலையும் ஒரே ஓடாக்கிவிடுகிறார்கள். இடுக்கே இல்லாததால் ஒழுகுவதில்லை. குளிர்காலத்தில் காய்ந்து பிளப்பதில்லை. எடையும் குறைவு. அதன் மேல் கார்பன் பாய்மரத்தை நிறுத்தி, அடியில் துடுப்பு ஏராவும் ஈயக் குமிழும் வைத்தால், தூரத்தில் பார்க்க 1920-ஆம் வருஷத்துப் படகு மாதிரி இருக்கும், ஓட்டத்தில் இன்றைய படகு. மெய்ன் கடற்கரையில் இந்த வகைக்கென்றே பந்தயங்களில் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். மரபின் ஆவி என்று பொருள்படும் பெயர் அதற்கு.

இந்த வழியில் என்னால் மறக்க முடியாதவர் ஜோயல் வைட். மெய்னில் புரூக்லின் என்ற சிற்றூரில் படகுப் பட்டறை நடத்தியவர். கடைசிக் காலத்தில் நோயோடு இருந்தபடி 76 அடிப் பந்தயப் படகு ஒன்றை வரைந்தார். ஹெரஷாஃபின் பழைய நியூயார்க் படகுகளின் சாயல் மேலே, புதிய ஏராவும் கார்பன் பாய்மரமும் கீழும் மேலுமாக. 1997 டிசம்பரில் அவர் இறந்துபோனார். அந்த வரைபடத்திலிருந்து வைல்டு ஹார்சஸ், வைட் விங்ஸ் என்ற இரட்டையர்கள் 1998-ல் தண்ணீரில் இறங்கின. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சாய்ந்து போகும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, பழைய வடிவத்தை ஏன் இன்னும் வரைகிறார்கள் என்ற கேள்வியே எழாது.

அதே ஜோயல் வைட்தான் சின்ன அளவிலும் ஒரு வேலை செய்தார். ஹெரஷாஃப் 1914-ல் பஸ்ஸார்ட்ஸ் பே பிள்ளைகள் பாய் ஓட்டக் கற்பதற்காக வரைந்த பன்னிரண்டரை அடிப் படகை (அது நீர்மட்ட நீளம், முழு நீளம் பதினாறு அடிக்குச் சற்றுக் குறைவு) எடுத்து, ஆழமில்லாத இடத்துக்கும் போகும்படி ஏராவை மாற்றி, ஹேவன் என்ற பெயரில் வரைந்தார். வீட்டுக் கொட்டகையில் தாங்களே கட்டிக்கொண்டவர்கள் பலர். மூலப் படகை அப்படியே ஃபைபரில் வார்த்த டோடிஷ் என்ற படகும் எழுபதுகளிலிருந்து இருக்கிறது. தம்பியின் பட்டியலில் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் ஏழெட்டு வயது ஆனதும் இதை அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். கேபின் என்ற எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் அழகு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

புதிதாகக் கட்டும் மரப் படகில் எனக்குள்ள தயக்கம் பணமும் காலமும். ஒவ்வொரு படகும் கையால், ஒரே ஒரு தடவை கட்டப்படுவது. மாதக்கணக்கில் சம்பளம் போகும். இருபது வருஷம் வைத்திருப்பேன் என்று உறுதியாகத் தெரிந்தவர் கட்டலாம். விற்க நேர்ந்தால், உங்கள் ரசனையைப் பகிரும் ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பராமரிப்பும் முழுக்க இல்லாமல் போய்விடாது. எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது, அதன் மேல் வார்னிஷோ பெயின்டோ எப்போதும் இருந்தாக வேண்டும். எங்காவது ஒரு திருகாணி ஓட்டையை எப்பாக்ஸியால் அடைக்காமல் விட்டால், மழைநீர் உள்ளே போய் அடுக்குகளுக்கு நடுவே கண்ணில் படாமல் வேலை செய்யும். தம்பி கேட்டதும் நாற்பது வயதுக்குள் வாங்கும் முதல் படகு. முதல் படகை யாரும் இருபது வருஷம் வைத்திருப்பதில்லை. எது பிடிக்கும் என்பதே அதில் ஓட்டித்தான் தெரியும்.

ஆக, என் தேர்வு இரண்டாவது. பயன்படுத்திய அலேரியன் எக்ஸ்பிரஸ் 28. இதை மரத்துக்கு மாற்றாக, குறைந்த பட்சமாக நான் சொல்லவில்லை. அந்தப் படகில் நான் பார்க்கும் நேர்மை, எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டு வரைந்திருப்பது. கேபினைச் சுருக்கியதால் கோடு பிழைத்தது. மரத்தை விட்டதால் ஓட்ட நேரம் பிழைத்தது. ஹெரஷாஃப் தனக்கென்று கட்டிய படகும் இதே வகைத் தீர்மானம்தான். வயதானவர், தனியாள், பகல் பொழுது, நல்ல காற்று.

ஒரே நிபந்தனை. வருஷத்துக்கு எத்தனை ராத்திரி படகில் தூங்குவீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே பருவம் மே முதல் அக்டோபர் வரை. அதில் நாலைந்து ராத்திரி என்றால் அலேரியன். பதினைந்து இருபது என்றால் நாலாவது படகு. நடுவில் நின்றால், முதல் இரண்டு வருஷம் அலேரியனை ஓட்டிவிட்டு அந்தச் சில ராத்திரிகளுக்குத் தீவில் அறை எடுத்துத் தங்கச் சொல்வேன். கோடைப் பிற்பகலில் தென்மேற்கிலிருந்து வரும் கடற்காற்று இந்த விரிகுடாவின் பெரிய சொத்து. மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி நாலு மணிக்குள் நன்றாக வலுத்துவிடும். அந்தக் காற்றில் ஓட்டுவதற்குத்தான் படகு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் படகுகளின் மேல்தளம் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா மரம் வைத்தது. கயிற்றுக் கொளுக்கிகள், கம்பிக் கால்கள் பதித்த இடங்களில் தண்ணீர் உள்ளே போயிருந்தால், காலால் அழுத்தும்போது லேசாக அமுங்கும். ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் எந்த வருஷத்தவை என்று கேளுங்கள், பத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். ஏராவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் துருக்கறை இருக்கிறதா என்று தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். தேக்குப் பட்டைகள் சாம்பல் நிறமாகிக் கிடந்தால் பரவாயில்லை. அது வெயில் செய்தது, மரம் உள்ளே நன்றாகவே இருக்கும்.

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் மனைவியையும் மிஸ்டிக்குக் கூட்டிப்போகிறேன். முதலில் 1912-ஆம் வருஷத்து அலேரியனைப் பார்ப்போம். அப்புறம் பிரிஸ்டலுக்கு வந்து, விற்பனைக்கு இருக்கும் 28 அடிப் படகைச் சிறு தோணியில் ஒரு தடவை சுற்றி வருவோம், அமரத்திலிருந்து அணியம்வரை, மெதுவாக. கடைசியாக அந்த அம்மா கேபினுக்குள் போய் உட்காரட்டும். அளவு நாடா எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். தலைக்கு மேல் எத்தனை அங்குலம் மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு, முடிவை அவர் சொல்லட்டும்.